செப்பு

ஸிண்டெல்ஃபிங்கனில் ஞாயிறு காலை பத்தரைக்கு
ஒரேயொரு காட்சி.
கார்த் தொழிற்சாலையில் மென்பொருள் எழுதும் ஹர்ஷவர்தன்
தியேட்டரை வாடகைக்கு எடுத்திருந்தான்.
இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கை.
நாங்கள் ஒன்பது பேர்,
அதில் ஒன்று கைக்குழந்தை.

எனக்குத் தெலுங்கு தெரியாது.
கீழே ஓடிய ஆங்கில வரி
பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி மூச்சிரைத்துப் பிந்தி வந்தது.
அதற்குள் பாதி விளங்கியிருந்தது.
பேரு, பேர்தான்.
நியாயம், நியாயம்தான்.
தப்பு எங்கள் இரண்டு மொழியிலும் தப்பு.

சூரிபாபு கோர்ட் அமீனா.
வீடு வீடாய்ச் சம்மன் கொடுக்கிறவனை
எந்தப் பெண் வாசலில் சிரித்து வரவேற்பாள்?
மங்கதாயாரு சிரிக்கவில்லை.
கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தர மறந்தாள்.
அவ்வளவுதான் காதல்.
டூயட் பாட அவர்கள் ஆல்ப்ஸ் மலைக்கு வரவில்லை.
மழை நாளொன்றில், நூலக வாசலில்,
அவள் கழற்றிவிட்ட செருப்பை
வெளியே பார்க்கத் திருப்பி வைத்தான்,
வரும்போது கால் தடுமாறாமல் நுழையட்டும் என்று.
வசனமில்லை. வயலினும் இல்லை.
முன்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்.

வழக்கு அவளுடைய அப்பாவின் மேல்.
வலை உலர்த்தும் மணலை எழுதி வாங்கிய பத்திரம்.
கைநாட்டு வைத்தவர்
அதற்கு முந்தின இரவே செத்துப்போனவர்.
சம்மனோடு போன சூரிபாபு
பிணத்தின் பெருவிரலில் மையைப் பார்த்திருக்கிறான்.

கோர்ட் நடையில் அவள் கேட்டாள்:
பொய் சொல்ல வேண்டாம்.
மை என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிடு.

கூண்டில் ஏறினான்.
வக்கீல் சொன்னார்: செப்பு.
சொல் என்று அர்த்தம்.
நாங்கள் பழம்பாட்டில் வைத்துப் பூட்டிவிட்ட சொல்
அங்கே இன்னும் தெருவில் நடக்கிறது.
செருப்புக்கும் அவர்கள் மொழியில் அதே பேர் என்று
இடைவேளையில் சமோசா நீட்டியபடி ஹர்ஷா சொன்னான்.

சொன்னான் சூரிபாபு, மையோடு.
அவள் வெறுங்காலில் வெயிலில் இறங்கிப் போனாள்.
ஆறு வருஷம்.
பிறகொரு நாள் வேலை முடிந்து வெளியே வருகிறான்,
அவன் செருப்பு வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது.
சுற்றிவர ஒருவரும் இல்லை.
படம் முடிந்தது.

மிச்சமிருந்தது ஐந்து பேர்.
‘ஸாரி அக்கா, கொஞ்சம் ஸ்லோ’ என்றான் ஹர்ஷா,
தானே எடுத்த படம்போல.
அடுத்த மாதம் பெரிய ஹீரோ படம், டிக்கெட் முடிந்துவிட்டதாம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
தொண்டை சரியில்லை என்று சைகை காட்டினேன்.

திங்கட்கிழமைகளில் நான் ஸ்டுட்கார்ட் நீதிமன்றத்தில்
மற்றவர்களின் தமிழை ஜெர்மனாக்குகிறவள்.
கூட்டாமல் குறைக்காமல் என்று சத்தியம் செய்தவள்.
போன மாரியில் நடையில் ஒரு பெடியன்
கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்தான்:
‘அக்கா, கத்தி எண்டதை மட்டும் விடுங்கோ.’

விடவில்லை.
இரண்டு வருஷம் எட்டு மாதம்.
குத்துப்பட்டவனுக்கும் ஒரு தாய் இருந்தாள்,
அவளும் தமிழ்தான், பின்வரிசையில்.
இதை யாரிடமும் விளக்கப் போனதில்லை.

பெடியனின் தாய் ஜெயபவானி
வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வருவா.
முன்பு என் பக்கத்தில் இருந்து தேங்காய் துருவியவ.
இப்போது தூணுக்கு அந்தப்பக்கம்.
செருப்புத் தட்டில் என் சப்பாத்து
நான் விட்டபடியே கிடக்கும்,
சுவரைப் பார்த்து,
பனித்தண்ணீர் வடிந்து, உப்புப் பூத்து.

அது படம். இது முப்பத்தேழாம் அளவு நீலச் சப்பாத்து,
ஜெயபவானியுடையது,
இடது காலின் நாடா அறுந்து முடிச்சுப் போட்டது.
நேற்று அதற்கு முன்னால் குனிந்தேன்.

திருப்பி வைத்தேனா என்று கேட்காதீர்கள்.
கேட்டால் ஒரு சொல்லும் விடாமல்
செப்ப வேண்டிவரும்.