ஒன்பது நிமிடப் பொத்தான்

விளக்கு எரிந்ததும் முதலில் எழுந்தவர்
திருவாளர் ஒத்ரான்.
"அறுவை" என்றார், குடையைத் தேடிக்கொண்டே.
கறுப்பு வெள்ளையில் ஒரு கல்யாணம்,
ஒரு சமையலறை, கடைசிவரை கொதிக்காத கெண்டி.
ஒன்றே முக்கால் மணி நேரத்தில்
ஒருத்தி ஒருவனுக்குப் பொத்தான் தைக்கிறாள்.
இதற்கு ஏழு யூரோ.

ரொவான் நகரில் வியாழன் இரவு, மழை.
அறுபத்திரண்டு இருக்கையில் பத்தொன்பது பேர்.
சீட்டு கிழித்தவள் நான், கணக்குத் தப்பாது.
ஒத்ரானுக்கு இது மூன்றாம் முறை என்பதும் தெரியும்.
மூன்று முறையும் அறுவை.

யாரும் வீட்டுக்குப் போவதாய் இல்லை.
முகப்பறையில் வெப்பமூட்டியைச் சுற்றி நின்று
கோட்டில் ஆவி பறக்கப் பேசினார்கள்.

காட்சி இதுதான், அவர்கள் சொல்லக் கேட்டது:
அவன் வேலைக்குக் கிளம்பி நிற்கிறான்.
கோட்டைக் கழற்றவில்லை.
அவள் ஊசி கோர்க்கிறாள், அப்படியே தைக்கிறாள்.
ஒன்பது நிமிடம். ஒரு சொல் இல்லை.
பிறகு குனிந்து
அவன் மார்போடு முகத்தை ஒட்டி
நூலைப் பல்லால் கடிக்கிறாள்.
அடுத்து, திறந்து கிடக்கும் கதவு.
போனது யார் என்று படம் சொல்வதில்லை.

"அது முத்தம்" என்றாள் செவிலி ஒதெத்.
"நெஞ்சுக்கு அத்தனை பக்கத்தில்
பல்லைக் கொண்டுபோக விடுகிறான் பாருங்கள்.
என் வீட்டுக்காரர் வெப்பமானி வைக்கவே விடமாட்டார்."

"அறுத்துவிட்டாள்" என்றான் தபால்காரன் லொயிக்.
"கத்தரிக்கோல் மேசையிலேயே இருந்தது.
கைக்கெட்டும் தூரம். அதை எடுக்காமல்
கடிக்கிறாள் என்றால்..."
மேலே சொல்லவில்லை.
பக்கத்தில் மத்தில்த்
புது மோதிரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அவன் பொத்தானை அவனே தைத்தால் என்ன?"
யாரோ ஒரு மாணவி. பதில் இல்லை.

பெராஷோன் அம்மையார் ஆலையில்
முப்பத்தெட்டு வருஷம் தைத்தவர்.
"அந்த நடிகைக்கு ஊசியே பிடிக்கத் தெரியவில்லை.
முத்தமோ கத்தரியோ,
அவள் முடிச்சுப் போடவில்லை.
அந்தப் பொத்தான் தெருமுனை தாண்டாது."

சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கினான்
படம் ஓட்டும் ரெஜி.
பதினொரு வருஷம் என் கணவன்,
இப்போது வியாழக்கிழமைக்கு மட்டும் ஒரே கூரை.
"நீ சொல், எத்தனை தடவை பார்த்திருப்பாய்?"
"நான் பார்ப்பது படம் தெளிவாக விழுகிறதா என்று" என்றான்.
"மங்கலாக இருந்தால் திருகுவேன்.
மற்றது உங்கள் பாடு."

என்னையும் கேட்டார்கள்.
நான் அந்தக் காட்சியைப் பார்த்ததே இல்லை.
அந்த நேரம் கல்லாவில் சில்லறை எண்ணுவேன்.
எனக்கு அது சுவர் வழியாக வரும் மௌனம்.
நான்காம் நிமிடம் யாராவது இருமுவார்கள்.
ஆறாவதில் ஓர் இருக்கை கிறீச்சிடும்,
ஒருவர் மற்றவரை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார,
அல்லது நெருங்கி.
ஓசையை வைத்துச் சொல்ல முடியாது. ரெண்டும் ஒன்றுதான்.

கூட்டம் கலைந்தது. ஷட்டரை இழுக்க ரெஜி வந்தான்.
கைகளை உயர்த்தியபோது தெரிந்தது,
அவன் கோட்டில் கீழிருந்து இரண்டாவது
ஒற்றை இழையில் ஆடிக்கொண்டிருந்தது.
நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.

இழுப்பறையில் ஊசி உண்டு, நூல் உண்டு,
கருநீலமே உண்டு.
ஊக்கு ஒன்றை எடுத்து நீட்டினேன்.
வாங்கினான், குத்திக்கொள்ளவில்லை,
பையில் போட்டுக்கொண்டு
லுவார் பாலத்துப் பக்கம் நடந்தான்,
மழை அவனை வேகப்படுத்தியதாகத் தெரியவில்லை.

உள்ளே வந்து மறுபடி எண்ணினேன்.
நூற்று முப்பத்துமூன்று இருக்கவேண்டிய கல்லாவில்
நூற்று நாற்பது.
ரசீதுக் கட்டை ஓரமாய் நகர்த்தியபோது
கீழே ஒரு துண்டுச்சீட்டு,
நனைந்த விரலின் ரேகையோடு:
"நாளைக்கும் ஒன்று. ஒத்ரான்."