காலி வண்டி எடை

குளியல் என்றுதான் சொன்னார்கள்.
துண்டு, சோப்பு டப்பா, மாற்று வேட்டி
மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு
அடிவாரத்தில் முதல் பஸ் ஏறினேன்.

மரவள்ளி லோடு கொண்டுவரும் சவரியப்பன்
மகள் நடத்துகிறாள் என்று
ஒரு சீட்டு தந்திருந்தான்.
'வனக்குளியல். ஞாயிறு காலை எட்டு மணி.'
கிளியூர் அருவி போக
மலையில் இன்னொன்று இருக்கும்போல என்று
நினைத்துக்கொண்டேன்.

அருவி இல்லை.
நாகலூர் போகிற வழியில்
கவனிப்பாரற்றுக் காடாகிவிட்ட
ஒரு பழைய காப்பித் தோட்டம்.
ஜெசிந்தா துணிப்பையை நீட்டினாள்,
எல்லாரும் போனைப் போட்டார்கள்.
நான் கடிகாரத்தையும் கழற்றிப் போட்டேன்.
என் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தாள்,
சிரிக்கவில்லை.
அதற்கே அவளுக்கு ஒரு கும்பிடு.

'அந்தப் பலாமரம் வரைக்கும்தான்.
ஒரு மணி நேரம் எடுத்துக்குங்க.'
கல்லை எட்டி உதைத்தால்
போய் விழுகிற தூரம்.

இருபத்திரண்டு வருஷமாக
ஆத்தூர் ரோட்டு எடைமேடையில் உட்கார்ந்திருப்பவன் நான்.
வரும்போது லோடு எடை
இறக்கியபின் காலி எடை
கழித்தால் சரக்கு.
எண் நடுங்கி நிற்கும் முன்பே
பொத்தானை அமுக்கிவிடுவேன்.
பின்னால் பதினேழு வண்டி ஹாரன் அடிக்கையில்
பத்து கிலோ யாருக்குத் தெரியப்போகிறது.

அதே வேகத்தில்
நாற்பது எட்டில் பலாமரத்தைத் தொட்டுவிட்டேன்.
திரும்பிப் பார்த்தால்
கிளம்பிய இடத்திலேயே நிற்கிறார்கள்.
பேங்க்கில் வேலையாம், ஒரு அம்மா
பாறைப் பாசியில் புறங்கையை வைத்திருந்தார்,
பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.
வெட்கமாகப் போய்விட்டது.
திரும்ப நடந்து
முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

முதலில் ஒன்றுமில்லை.
முட்டி வலித்தது. கொசு இருந்தது.
வீட்டுக்கடன் தவணை வந்தது,
மச்சான் பேசியது வந்தது,
நான் பேசாமல் விட்டது வந்தது.
ஒவ்வொன்றாக மேடையில் ஏறி நின்றன.
நான் ரசீது போடவில்லை.
சில இறங்கிப் போயின.
சில போகவில்லை.

பிறகு, எத்தனை மணிக்கு என்று கேட்காதீர்கள்,
மூக்குதான் முதலில் திறந்தது.
போன வாரத்து மழைக்கு
காப்பி பூத்திருந்தது, கிளையெல்லாம் வெள்ளை.
மல்லிகை மாதிரி என்று வாயெடுத்தேன்.
மல்லிகைக்கு முழக்கணக்கு உண்டு,
இதை அளந்து யாரும் விற்றதில்லை.
அதற்கும் அடியில் மக்கின இலை
அதற்கும் அடியில்
பழுத்து விழுந்த பலாவின் புளிப்பு.
சில்வர் ஓக் உச்சியில் காற்று,
கீழே ஒரு இலையும் அசையவில்லை.
இறங்கி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.
மிளகுக்கொடியின் நுனி அசைந்தது.
ரொம்ப நேரம் கழித்து
என் துண்டின் நுனி.

ஜெசிந்தா கையை மட்டும் உயர்த்தினாள்.
காட்டெருமை.
எண்ணூறு கிலோவுக்குக் குறையாது என்று
புத்தி அதுபாட்டுக்குச் சொன்னது.
அத்தனை எடையும்
ஒரு சுள்ளி முறியாமல்
புதருக்குள் போய்விட்டது.

நான் பலாமரத்துக்கு வந்து சேர்ந்தபோது
எல்லாரும் டீ குடித்து முடித்திருந்தார்கள்.
துண்டை வேர்மேல் விரித்து உட்கார்ந்தேன்.
சோப்பு டப்பாவுக்குள்
ஒரு எறும்பு போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

திங்கட்கிழமை
முதல் வண்டி சவரியப்பனுடையது.
பதினாலாயிரத்து முந்நூற்று எண்பது
அறுபது
எழுபது
பொத்தான்மேல் விரலை வைத்தபடி இருந்தேன்.
பின்னால் ஹாரன்.
'என்னண்ணே, மிஷின் ரிப்பேரா?'

இல்லப்பா.
வண்டி மூச்சு விட்டு முடிக்கட்டும்.