எல்டிஸ்கேல் ஒன்று

பதினொன்றரைக்கு போன்.
வில்லாபுரம் வீட்டில்
சமையல்கட்டுக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே
சுவர் எழும்புகிறதாம்.
மூன்று வரி ஆகிவிட்டதாம்.

நான் போட்டது சுவர் இல்லை.
பீம்.
தலைக்கு மேலே ஓடுவதை
விட்டு விட்டுத்தான் வரைய வேண்டும்.
கொஞ்சம் கோடு, கொஞ்சம் வெறுமை, மறுபடி கோடு:
நிற்கிறவன் கண்ணுக்கு நேரே இல்லை,
ஆனால் உண்டு.
சுவருக்கு மட்டும் விடாத கோடு.
தூணின் நடுவுக்கு நீளமும் குட்டையும் மாறி மாறி.
மனையின் எல்லைக்கு இரண்டு கோட்டுக்கு ஒரு புள்ளி
(அதைத் தாண்டித்தான் எல்லோரும் சன்ஷேடு கேட்பார்கள்).
அரசரடியில், உரக்கடை மாடியில்,
ஆறு வருடமாய் எனக்கு இதுதான் சோறு.

போன புதன்கிழமை சாயங்காலம்
கரண்ட் போய் யுபிஎஸ் கத்திக்கொண்டிருந்தது.
வரைந்ததை அள்ளிப் புதுக் கோப்பில் ஒட்டினேன்.
அங்கே எல்டிஸ்கேல் ஒன்று.
என் அளவோ மில்லிமீட்டர்.
கோடு இடைவெளி விடவில்லை என்று சொல்ல முடியாது.
விட்டது,
எறும்பின் கால்கூட நுழையாத அளவுக்கு.
திரைக்கும் தெரியவில்லை.
மேலமாசி வீதி பிளாட்டருக்கும் தெரியவில்லை,
அது பாட்டுக்கு ஒரே இழுப்பாய் இழுத்துவிட்டது.
கணினியில் தொட்டுக் கேட்டால் அந்தக் கோடு
ஹிட்டன் என்றுதான் இப்போதும் பெயர் சொல்லும்.
தாளில் தொட்டுக் கேட்க வழியில்லை.

தெற்குவாசல் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது.
சொல்வதற்கு ஒரு பதிலை
மூன்று தடவை மாற்றிக் கட்டினேன்.

கொத்தனார் ஒச்சப்பன்
சிமெண்ட் மூட்டைமேல் வரைபடத்தை விரித்து
நாலு மூலைக்கும் நாலு கல் வைத்திருந்தார்.
‘வாசல் இல்லையேன்னு நெனச்சேன் தாயி.
பின்கதவு வழியாச் சுத்தி வந்து
சாப்புடுவாக போலன்னு விட்டுட்டேன்.’
மின்வாரியத் துளசிராம் சிரிக்கவில்லை.
அவர் மனைவி ஹேமலதா
அந்த மூன்று வரிச் சுவர்மேல் உட்கார்ந்து
சௌராஷ்டிரத்தில் யாருடனோ போன் பேசிக்கொண்டிருந்தார்.
பேசி முடிக்கும்வரை
யாரும் கடப்பாரையைத் தொடவில்லை.

‘என் தப்புதான்’ என்றேன்.
பஸ்ஸில் கட்டிய எந்தப் பதிலிலும்
இது இல்லை.

கலவை இன்னும் ஈரம். கல் இலேசாய் வந்தது.
முழுக்கல்லை ஒரு பக்கம் அடுக்கினார்கள்,
உடைந்ததை நான் எண்ணினேன்: பதினேழு.
துளசிராமும் எண்ணியிருந்தார். பத்தொன்பது.
பத்தொன்பதுக்குக் காசு கொடுத்தேன்.

தண்ணீர் ஊற்றித் தேய்த்தார்கள்.
சில இடத்தில் கல்லோடு கலவையும் பெயர்ந்திருந்தது,
சில இடத்தில் தரையை விடமாட்டேன் என்றது.
சுவர் இருந்த நெடுகிலும்
கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் தரை,
மறுபடி சாம்பல்.
சரியான அளவில்.

நிமிர்ந்து பார்த்தேன்.
பீம் போட இன்னும் இருபது நாள் ஆகும்.
மேலே வெயில் மட்டும்.