ஒன்பதுக்கும் எட்டுக்கும் நடுவில்

முகத்துவாரத்தில் எனக்குத் தந்த பிரதேசம்
முன்பு படுத்துக் கிடந்தது.
சேற்று ஒழுங்கை, தகரக் கதவு,
கால்வாயோரம் முந்நூற்றுச் சொச்சம் வீடு.
இப்போது எழுந்து நிற்கிறது,
பன்னிரண்டு மாடி.
பதிவேட்டில் இன்னும் 'களம்' என்றுதான் எழுதுகிறேன்.

லிஃப்ட் வேலை செய்யாது.
பையில் தராசு, பிரஷர் கருவி, இரும்புச்சத்துக் குளிசை.
அடியில், பழைய பேப்பரில் சுற்றி,
மற்றது.

பதினோராம் மாடியில் டெல்சியா.
நான்காவது பிறந்து ஐந்து மாதம்.
கதவு நிலையில் தராசைக் கொளுவிக்
குழந்தையைத் தொங்கவிட்டேன்:
ஆறு கிலோ நூறு. உள்ளங்கால் இரண்டும் காற்றை உதைத்தன.
மாமியார் கட்டிலில். புருசன் டிவி முன்னால்,
துறைமுகத்தில் இரவு வேலை முடித்த கண்களோடு.
"வேற ஏதாச்சும் தேவையா?"
எல்லா வீட்டிலும் கேட்பதுபோலக் கேட்டேன்.
"ஒண்ணும் வேணாம் மிஸ்."
அவளுக்கு முன்னமே அவன் சொன்னான்.
கொப்பியில் கோடு போட்டேன்.

பத்தாம் மாடி திரும்பும்போது
பின்னால் ரப்பர் செருப்புச் சத்தம்.
கையில் குப்பைப் பை.
உள்ளே ஒரே ஒரு வாழைப்பழத் தோல்.

ஒன்பதுக்கும் எட்டுக்கும் நடுவில்
யாருடைய வாசலும் இல்லை.
கம்பி ஜன்னலில் துறைமுகத்துப் பாரந்தூக்கி,
சுவரில் வெற்றிலைத் துப்பல்.
அங்கேதான் அவளுக்கு வாய் வந்தது.
தலை சுத்துமா, பால் வத்துமா,
அரிசி வாளிக்குள்ள வச்சா பழுதாகுமா.
பால் கொடுப்பவளுக்கு இது தோதானது,
தினம் ஒரே நேரம், தவறக்கூடாது என்றேன்.
"பாங்கு சொல்ற நேரம் போடவா மிஸ்?"
கழுத்தில் மாதா பதக்கம்,
நேரத்துக்குப் பாங்கு.

ஐந்துக்கும் நாலுக்கும் நடுவில் மர்ஜானா காத்திருந்தாள்.
இரண்டில், பெயர் சொல்லாத தையல் ஃபக்டரிப் பிள்ளை
கேள்வியைக் கேட்காமலே தரைவரை என்னோடு இறங்கித்
திரும்பி ஏறிப் போனாள்.
அடுத்த மாதம் கேட்பாள்.
கேட்கவேணும்.

பொங்கலுக்கு முதல் கிழமை லிஃப்டைத் திருத்திவிட்டார்கள்.
மாநகர சபையிலிருந்து யாரோ வந்து ரிப்பன் வெட்டினார், பட்டாசு கூட.
எல்லாருக்கும் சந்தோசம். என் முழங்காலுக்கும்.
இறங்கும்போது உள்ளே எட்டுப் பேர், ஒரு காஸ் சிலிண்டர்,
எல்லாரும் இலக்கம் மாறுவதையே பார்த்தோம்.
டெல்சியாவும் நின்றாள், குப்பைப் பையோடு.
ஒன்பது, எட்டு,
ஒரு கண்சிமிட்டலில் போயிற்று.

அதற்குப் பிறகு
கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்,
எனக்கு லிஃப்ட் பயம் என்று.
சிங்களத்திலும் சொல்லப் பழகிவிட்டேன்.
காவலாளி பாவம், நம்பிவிட்டான்.
படியேறுமுன்
தண்ணீர்ப் போத்தலை நீட்டுகிறான்.