துப்புகிறவர்கள்

மாதா கோவில் வீதி, காரைக்கால்.
மாடியில் ஆறு போத்தல், ஆறு வருடம்.
பத்திரப்பதிவுக்கு லியோனிலிருந்து வந்த மர்த்தீன்
வேலையையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.
வெள்ளிக்கிழமைக்குள் மதிப்பெண் போயாக வேண்டும்
அங்கே ஏதோ ஓர் உணவகத்துக்கு.

ஐஸ், மீன் மார்க்கெட்டிலிருந்து.
துப்ப ஓர் எவர்சில்வர் சொம்பு.
எழுத நான்,
கீழ்வீட்டு வாடகைக்காரன்,
நாகப்பட்டினம் மண் பரிசோதனைக் கூடத்தில்
மூன்றாவது நாற்காலி.

ஷப்லி என்கிறாள். அது ஊரின் பெயர்.
சுண்ணாம்பு மண், மண்ணுக்குள் சிப்பி,
எப்போதோ கடல் கிடந்த இடம்.
எப்போதோ என்றால்?
மனுஷன் பிறக்கும் முன்னால்.
எங்கள் கடல் அவ்வளவு காத்திருக்கவில்லை,
ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துபோனது என்றேன்.
சிரிக்கவில்லை. எழுது என்றாள்.

இரண்டாயிரத்து மூன்று.
முகர்ந்தாள், உருட்டினாள், துப்பினாள்.
வெயில் தின்ற வருடம்.
தேன், வாடிய ஆப்பிள், நடுவில் எலும்பே இல்லை.
எழுபத்தொன்பது.
(இங்கே அந்த வருடம் குறுவை கிடையாது.
வாடுவதற்கும் ஒன்றுமில்லை.)

எட்டைத் திறந்ததும்
அவள் வாயெடுக்கும் முன் நான் சொல்லிவிட்டேன்:
ஈரச்சாக்கு.
கொள்முதல் நிலைய வாசலில்
மழைக்கு அடுத்த நாள் வரும் அதே வாடை.
தக்கை கெட்டிருக்கிறது என்றாள்,
என்னை முதல்முறையாகத் திரும்பிப் பார்த்து.

பத்து: தீட்டிய கம்பி. தொண்ணூற்று நான்கு.
கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.
எனக்கு அந்த வருடத்தில் ஒன்றும் ஞாபகமில்லை,
மொபெட் வாங்கியதைத் தவிர.

பதினாறு: ஏப்ரல் பனியில் மொட்டெல்லாம் கருகிற்று,
மிஞ்சியது கொஞ்சம்,
மிஞ்சியது நன்று.
கீழையூரில் அந்த சம்பாவுக்கு
ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி அறுத்தார்கள்.
தார்ப்பாயில் விழுந்தது பதரோடு சேர்த்து ஒரு பிடி.
மிஞ்சியது நன்று என்று
யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

பதினெட்டு: கொடிக்குக் கொடி குலை, தாராளம்,
ஆனால் எல்லாரிடமும் பல்லைக் காட்டுகிறது.
எண்பத்தாறு.
பேனா நின்றுவிட்டது எனக்கு, கஜாவில்.
சரியாகக் கேட்கவில்லையோ என்று
எண்ணை மறுபடி சொன்னாள்.

கடைசியாகப் பதினான்கு.
துப்பிய பிறகும் வெகுநேரம் பேசவில்லை.
முடிவில் உப்பு, எழுது.
நீளமான, சுத்தமான உப்பு.
தொண்ணூற்று ஐந்து.

உப்புக்கா?
உப்புக்குத்தான்.

என் பதிவேட்டில் உப்புக்குத் தனிக் கட்டம் உண்டு.
நான்கைத் தாண்டினால் சிவப்பு மை.
பிரதாபராமபுரத்துத் தங்கையன்
போர்த் தண்ணீரை சோடா பாட்டிலில் கொண்டுவருவார்.
மெஷின் சூடாகும் வரை பொறுக்காமல்
ஒரு சொட்டு நாக்கில் வைத்து
தொட்டியில் துப்பிவிட்டுச் சொல்வேன்: ஆறு.
மெஷின் சொல்லும்: ஆறு புள்ளி இரண்டு.
அவர் மெஷினைப் பார்க்கமாட்டார்,
என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.
இருபத்திரண்டு வருடமாகத் துப்புகிறேன்.
தொண்ணூற்று ஐந்து
ஒருவருக்கும் போட்டதில்லை.

கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.
எலுமிச்சை, ஈரக் கல்,
காளவாயில் நீற்றுமுன் கழுவிய கிளிஞ்சல்.
அப்புறம், எல்லாம் போன பிறகு, ஓரத்தில் அது.
விழுங்கிவிட்டேன்.

என்ன சொல்கிறாய் என்றாள்.

ஒன்று புள்ளி இரண்டு இருக்கும்.
நெல் வரும்.

தாளை என்னிடமிருந்து வாங்கி
தொண்ணூற்று ஐந்துக்குக் கீழே
பிரெஞ்சில் ஏதோ எழுதினாள்.
என்னவென்று நான் கேட்கவில்லை.
சொம்பைத் தூக்கிக்கொண்டு போய்
எந்தச் செடியில் ஊற்றுவதென்று
கொஞ்ச நேரம் நின்றேன்.