வந்த நோக்கம்

நாரினில் எங்கே நின்றாலும்
கண் போய் ஒரு மலையில் முட்டும்.
தொண்டியில் முட்ட எதுவுமில்லை.
கிழக்கே தண்ணீர்,
மேற்கே கருவேலங்காடு, அதற்கு மேல் வெறும் வெளிச்சம்.
முதல் மாதம் முழுக்கத் தலைவலி.
ஜியாவுதீன் மாத்திரை கொடுத்தான்
(ஓஷில் படித்த டாக்டர்,
இங்கே தேர்வு எழுதி இரண்டுமுறை தவறியவன்).
பிறகு நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன்:
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நிற்கும்
பேரூராட்சித் தண்ணீர்த் தொட்டியை
மலை என்று வைத்துக்கொண்டேன்.
அதன் வயிற்றில் நீல எழுத்து:
காய்ச்சிக் குடிக்கவும்.
நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வாக்கியம்.

தமிழ் என்னைப் பயமுறுத்தவில்லை.
எட்டு, பத்து என்னும்போது
கடைசியில் பாதி விழுங்கும் அந்த ‘உ’
என் அம்மாவின் வாயிலும் உண்டு.
அங்கேயும் வினைச்சொல் வாலில்தான் வரும்.
ஒருவர் பேசி முடிக்கும்வரை
காத்திருக்கத் தெரியும் எனக்கு.
வந்த அன்று சாயங்காலம்
யாரோ ஒரு பிள்ளை தெருவில் ‘அத்தா’ என்று கூப்பிட்டது.
எங்கள் சொல்லும் அதுதான், கொஞ்சம் மெலிந்திருக்கும்.
திரும்பிப் பார்த்துவிட்டேன்.
என் அத்தா இறந்து நாலு வருஷம்.

ழகரம் மட்டும் இன்னும் வசப்படவில்லை.
வாழைப்பழம் வாங்கப் போய்
கொய்யாவோடு திரும்புகிறேன்.

நம்புதாளை ராக்கம்மா கூடையை இறக்கும்போதே பேர் கேட்டாள்.
பெர்மெத்.
அப்படின்னா?
முத்து.
“போ தாயி, எங்கூர்ல பாதிப்பேரு முத்துதான்”
என்று ஒரு கை காரலை அள்ளிப் போட்டாள்.
ஆட்டைப் பன்னிரண்டு பங்காகப் பிரிக்கத் தெரிந்தவள் நான்.
விரலளவு மீன்
முள் முள்ளாக என்னை உட்காரவைத்தது.

ஒருநாள் விட்டு ஒருநாள்
பதினொன்றரைக்குக் காவிரித் தண்ணீர் வரும்,
அல்லது வராது.
என் குடத்தை நகர்த்திவிட்டு
தன் குடத்தை வைத்தவளோடு
போன ஆவணியில் சண்டை போட்டேன்,
ஒரு வேற்றுமை உருபும் தவறாமல்.
கதவிடுக்கில் நின்று கேட்ட மாமி
ஒன்றும் சொல்லவில்லை.
ராத்திரி என் தட்டில் இரண்டு முட்டை.

வருஷத்துக்கொருமுறை ராமநாதபுரம் போய்
ஒரு பாரம் கொடுக்க வேண்டும்.
‘வந்த நோக்கம்’ என்று அதில் ஒரு கட்டம்.
முன்பெல்லாம் ஜியாவுதீன் எழுதுவான்.
இந்தத் தடவை அவனுக்குப் பரீட்சை.
நான் மட்டும் பஸ் ஏறினேன்.
கட்டம் கட்டைவிரல் அகலம்.
தொட்டி கொள்ளாது, காரல் கொள்ளாது,
பதினொன்றரை மணி நிச்சயம் கொள்ளாது.
பேனா வாங்கிக் கொடுத்த கிளார்க்
மணியைப் பார்த்தார்.
‘கணவன்’ என்றே எழுதினேன்.

நேற்று விடியலில் வாடை அடித்தது.
ஜன்னலைச் சாத்தினேன்.
ஜியாவுதீனின் பழைய பெட்டியில்
பாச்சை உருண்டையோடு கிடந்த ஓஷ் கம்பளிச் சட்டையை
எடுத்து மாட்டிக்கொண்டு
அம்மாவைக் கூப்பிட்டேன்.
அங்கே குழாய் உறைந்துவிட்டதாம். மைனஸ் இருபத்தாறு.
கன்றுக்குட்டியை அடுப்பறையில் கட்டியிருக்கிறார்கள்.
ஏன் மூக்கை உறிஞ்சுகிறாய் என்றாள்.
குளிருது.
எவ்வளவு?
எட்டிப்பார்த்துக் கேட்டுச் சொன்னேன்: இருபத்திமூன்று.
மைனஸா?
இல்லம்மா.

கொஞ்சநேரம் சத்தமே இல்லை.
லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.
பிறகு, போனைக் கையால் பொத்திக்கொண்டு
உள்ளே யார் யாரையோ அவள் கூப்பிடுவது கேட்டது.
ஒரு சிரிப்பு. அதோடு இன்னொன்று.
கதவு திறந்து மூடி இன்னும் இரண்டு.
நடுவில் கன்றுக்குட்டி கத்தியது.

நான் சட்டையின்
கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டேன்.