நான்கு கிலோமீட்டர்

ஜூனில் கிருனாவுக்கு இரவு வருவதில்லை.
பணி அட்டவணையில் மட்டும் வரும்:
01.52. இரும்புத்தாது. அறுபத்தெட்டு வண்டிகள். நார்விக் வரை.
ஓட்டுநர்: டீரா நீவா.

நேற்று அது 14.10. முந்தாநாள் 05.35.
எந்த நாளின் களைப்பு இது என்று
உடம்புக்கே கணக்கு விட்டுப்போயிற்று.

படுக்கையறை ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறேன்,
மீன் சுடுவதற்கு வாங்கியது.
ஒரு மூலை பிரிந்து, அது வழியே
ஊசிபோல ஒரு வெயில்
இமையைத் தேடிக்கொண்டு வரும்.
தூங்கக் கிடைக்கும் அபூர்வ இரவுகளில்
சுரங்கத்தில் வெடி வைப்பார்கள்;
கலைமான் தோலைச் சிலிர்த்து ஈ ஓட்டுவது போலக்
கட்டில் ஒருமுறை உதறிக்கொள்ளும்.
குடைந்து குடைந்து ஊரையே பெயர்த்து
வேறிடத்தில் வைத்தாயிற்று.
தேவாலயம்கூடச் சக்கரத்தில் ஏறிப் போனது.
என் தூக்கத்தை எந்தத் தெருவில் இறக்கினார்களோ.

ஸ்டூரேயும் நானும்
குளிர்பெட்டிக் கதவில் குடும்பம் நடத்துகிறோம்.
'சூப் இருக்கிறது. மாய்கெனுக்கு நாளை நீச்சல்.'
'துண்டு எடுத்து வைத்துவிட்டேன். எழுப்பாதே.'
'சரி. உன் இருமல் எப்படி?'
இருமல் போய் ஒன்பது நாளாகிறது.

இடது காலடியில் ஒரு மிதி.
அரை நிமிடத்துக்கு ஒருமுறை விட்டு அழுத்த வேண்டும்:
இருக்கிறேன்.
இருக்கிறேன்.
மறந்தால் கூவும். கூவியும் கேட்காவிட்டால்
எட்டாயிரம் டன்னும் தானாக நிற்கும்.
ஓட்டுநர் செத்துவிட்டால் கண்டுபிடித்துவிடும் என்றார்கள் பயிற்சியில்.
அரைகுறையாய் இருப்பவர்களைப் பற்றி
யாரும் எதுவும் சொல்லவில்லை.

தூர்னெத்ரெஸ்க் நிலையத்தின் பலகையைப் பார்த்தேன்.
வலப்புறம் ஏரி, பாதி உடைந்த பனிக்கட்டி,
தகரத்தில் பட்டது போல வெளிச்சம்.
அடுத்து நான் பார்த்தது
மின்னும் பச்சை விளக்கு, அடுத்ததில் நிற்கத் தயாராகு என்று.

நடுவே நான்கு கிலோமீட்டர் இல்லை.

அதில் ஒரு வளைவு உண்டு, வேகம் குறைத்திருக்கிறேன்.
சிறிய பாலம் உண்டு.
கலைமான்களுக்காக ஹாரன் அடிக்கும் இடம் உண்டு,
அடித்தேனா, தெரியாது.
மிதி ஒருதரமும் கூவவில்லை.
நான் இல்லாத அந்த நேரத்தில்
என் கால் எட்டு முறை
இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறது.

பொய்ச்சாட்சி சொன்ன உறவுக்காரனைப் பார்ப்பதுபோல
என் காலைப் பார்த்தேன்.

அபிஸ்கோவில் பக்கத் தடத்தில் நிறுத்தினேன்.
எதிரே காலி வண்டி கடந்தது. ஹில்டிங் கையசைத்தான்.
பதிலுக்கு என் கையும் அசைந்தது, என்னைக் கேட்காமல்.
காபிக் குடுவையைத் திறந்தேன். மூடினேன்.

போன வருஷம் எய்னார் இப்படித்தான் சொன்னான்.
படிவம், மருத்துவர், மறுபடி படிவம்,
ஆறு மாதம் யார்டுக்குள் வண்டி கோக்கிற வேலை.
இன்னமும் உணவறையில்
அவன் பெயர் 'தொட்டில்'.
நானும் சிரித்திருக்கிறேன்.

பச்சை விழுந்தது.
ரேடியோவை எடுத்தேன்.
'அபிஸ்கோவில் நிற்கிறேன். போகமாட்டேன்.'
'பழுதா?' குன்வோர் கேட்டாள்.
'என்ஜினில் இல்லை.'
கொஞ்சம் இரைச்சல்.
பிறகு, விசைப்பலகை தட்டும் சத்தம்.
'மாற்று ஆள் வர இரண்டு மணி நேரமாகும்.
கதவைப் பூட்டிக்கொண்டு படு.'
அவ்வளவுதான். சிக்னல் மறுபடி சிவப்பானது.

தரையில் படுத்து மேல்கோட்டால் முகத்தை மூடினேன்.
விடிகாலை மூன்றரை, உச்சிப்பொழுதுபோல வெயில்.
இடது கால் மட்டும்
மிதியில்லாத தரையை
அழுத்திக்கொண்டே இருந்தது.

குளிர்பெட்டிக்கு ஒரு சீட்டு எழுதினேன், மனதுக்குள்:
'ஸ்டூரே, இருமல் இல்லை.
வேறொன்று சொல்ல வேண்டும்.
வேலைக்குப் போகுமுன்
என்னை எழுப்பு.'